இரண்டு டிக்கெட்டை ஒரே டிக்கெட் என்று விற்றார்கள்: ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் கவனத்துக்கு

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்துத் திருப்பி அனுப்பப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். அம்மாவுக்கு 64. இரண்டு பேரும் ஜூலைக் கடைசியில் இங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்ட பாடு எங்களை ஏமாற்றிய ஒரு டிக்கெட் ஏஜெண்டால் வந்தது. அவர் பெயரை இங்கே போடவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் அவர் செய்த வேலையை வேறு யாரும் செய்ய முடியும் என்பதால் அது எப்படி நடந்தது என்று முழுசாகச் சொல்கிறேன்.

மே கடைசியில் வந்தார்கள். க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போனோம். குளிர்காலம், மழை கிடையாது, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், மிருகங்கள் தண்ணீர் தேடிக் குளத்துப் பக்கம் வரும், அதனால் யானைக் கூட்டத்தை அப்பா கார் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பார்த்தார். அதைவிட அவருக்கு டர்பன்தான் பிடித்தது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கூலிக்காரர்களின் வாரிசுகள் தமிழே பேச வராவிட்டாலும் மாரியம்மனை விடாமல் கும்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, ஆடிக் கஞ்சி ஊற்றுவதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். டர்பனில் அதைப் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். ஜூலை முதல் வாரம் கிளம்ப வேண்டியவர்களின் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. தப்பு அங்கே ஆரம்பித்தது.

வரும்போது எடுத்த டிக்கெட் துபாய் வழி, போக வர ஒரே டிக்கெட், எடுத்துக் கொடுத்தது இதே ஏஜெண்ட்தான், வந்த வழியில் ஒரு குறையும் இல்லை. இங்கிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் இல்லாததால் துபாய், தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி என்று எங்கேயாவது இறங்கி மாறித்தான் போக வேண்டும், அது நமக்கெல்லாம் பழகிய விஷயம். தேதி மாற்றக் கேட்டதும் அவர், "அக்கா, மாத்துறதுக்கே ரொம்பக் காசு கேக்குறாங்க. பழசை கேன்சல் பண்ணி ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், நைரோபி வழியா புதுசு போட்டுடலாம், அதான் லாபம்" என்றார். நம்ம ஊர்க்காரர், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேருக்கு அவர்தான் டிக்கெட் போடுகிறார். புது டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து 15,800 ரேண்ட், பழையதிலிருந்து 9,000 ரேண்ட் திரும்பி வரும், மூன்று வாரம் ஆகும் என்றார். சரி என்று ஈஎஃப்டியில், அதாவது பேங்க்கிலிருந்து நேரே அவர் கணக்குக்கு, பணத்தை அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் பேங்க்கில் தகராறு போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். ஈஎஃப்டியில் போன பணத்துக்கு அந்த வழி இல்லை.

அப்புறம் ஒரு தாள் அனுப்பினார். அவர் கடை முத்திரை, மேலே ஒரு எண், கீழே ஜோகன்னஸ்பர்க் – நைரோபி – மும்பை – சென்னை என்று வரிசையாக நேரம், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. "பேக் நேரா சென்னைக்கே போயிடுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "கவலையே படாதீங்க அக்கா, அப்பா அம்மா கையை வீசிட்டுப் போகலாம்" என்றார், அந்தக் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் அந்த எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு பயணமே இல்லை என்று வந்தது. கேட்டதற்கு, "அது எங்க ஆபீஸ் நம்பர் அக்கா, செக்-இன் அன்னைக்கு பாஸ்போர்ட்டைக் காட்டினா போதும்" என்றார். நான் அங்கே நின்று பிடித்திருக்க வேண்டும். நாளைக்கு உங்களுக்கும் யாராவது இதே பதிலைச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் பெட்டிக்கெல்லாம் பிளாஸ்டிக் சுற்றி (இங்கே பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் சுற்றுகிறோம்) கவுன்ட்டரில் போய் நின்றோம். இருந்தது டர்பன் தமிழ்ப் பெண், அப்பாவைத் தாத்தா என்று கூப்பிட்டாள். பாஸ்போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெட்டி நைரோபி வரைக்கும்தான் போகும், உங்கள் டிக்கெட் அங்கேயே முடிகிறது, கென்யாவுக்குள் நுழைய இடிஏ அனுமதி எங்கே என்று கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

நடந்தது இதுதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நைரோபிக்கு ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட், நைரோபியிலிருந்து மும்பை வழியாகச் சென்னைக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டையும் தன் தாளில் ஒன்றாக டைப் அடித்து ஒரே பயணம் மாதிரி காட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட டிக்கெட்டில் பெட்டியை நைரோபியில் நாமே வெளியே வந்து எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வர வேண்டுமென்றால் கென்யாவுக்குள் முறையாக நுழைய வேண்டும். 2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதில் இடிஏ வந்துவிட்டது, முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டியது, கவுன்ட்டரில் நின்றுகொண்டு வாங்கக்கூடியது இல்லை.

அதோடு முடியவில்லை. அந்தப் பெண்ணே இன்னொன்றும் சொன்னாள், சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை, கென்யா இருக்கிறது, எத்தியோப்பியாவும் இருக்கிறது. அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே போய்விட்டு ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம். ஊசியை அன்றைக்கே போட்டாலும் பலனில்லை, பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அறுபது வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் போடவே செய்வார். ஆக, அப்பா அம்மா நைரோபியில் வெளியே காலே வைக்கக் கூடாது.

ஏஜெண்டுக்கு ஆறு தடவை போன் அடித்த பிறகு எடுத்தார். அப்போதுதான் இரண்டாவது டிக்கெட்டின் ஆறெழுத்து முன்பதிவு எண் (பிஎன்ஆர்) வெளியே வந்தது. அந்தப் பெண் பார்த்துவிட்டு ஒரே ஒரு வழி சொன்னாள்: பெட்டி எதையும் போடாதீர்கள், கைப்பையோடு மட்டும் போனால் உள்ளேயே இருந்து டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் அடுத்த போர்டிங் பாஸ் வாங்கலாம், அதற்கு இடிஏ வேண்டாம்.

நாற்பது நிமிடம்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்து, அரை மணி முன்னால் காசு கொடுத்துச் சுற்றிய பிளாஸ்டிக்கைச் சாவியால் கிழித்துப் பெட்டிகளைத் திறந்தோம். அப்பாவின் ஒரு மாத மாத்திரை எல்லாம் உள்ளே, நல்லவேளை இன்சுலின் பேனா மட்டும் கைப்பையில். அம்மா முதலில் எடுத்தது மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் விபூதிப் பொட்டலத்தை, அடுத்து மாத்திரை டப்பா, அடுத்து பேரன் வரைந்து கொடுத்த யானைப் படம். தங்கைக்கு வாங்கிய சால்வை, ரூய்போஸ் டீ, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் தானே முகர்ந்து பார்த்து வாங்கிய மசாலா எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கிய பொருளுக்கு வாட் வரியைத் திரும்பக் கேட்கலாம் என்று பில்லெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் அப்பா, பொருளே இங்கே நிற்கும்போது அதற்கும் வழியில்லை. நான்கு பெட்டியையும் டிராலியில் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

விமானம் ஏதோ கோளாறு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். நைரோபியில் இறங்கும்போது இரவு எட்டேகால், அடுத்த விமானம் 8:40, கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், தாமதத்தால் இணைப்பு விட்டுப்போனவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இங்கே முதல் நிறுவனம், உங்களை நைரோபியில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்றது. இரண்டாவது நிறுவனம், நீங்கள் வரவில்லை, டிக்கெட் காலாவதி என்றது. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரிதான். ராத்திரி பத்தரை மணிக்கு நான் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் உட்கார்ந்து மறுநாள் மாலை விமானத்துக்கு இரண்டு புது டிக்கெட் போட்டேன், 24,300 ரேண்ட்.

இருபத்தோரு மணி நேரம் அந்த நிலையத்துக்குள்ளேயே இருந்தார்கள். நைரோபி உயரத்தில் இருக்கும் ஊர், ஜூலை ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் இங்கே பெட்டியில். அப்பாவின் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பிரிட்டிஷ் மாதிரி சதுர முள் பிளக், நம் சார்ஜர் நுழையவில்லை, ஒரு குஜராத்திப் பையன் தன்னுடையதைக் கொடுத்து உதவியிருக்கிறான், அவன் நன்றாக இருக்க வேண்டும். வழிக்கு என்று அம்மா கட்டியிருந்த புளியோதரை ஒரு வேளைக்கானது. அப்பா இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், அங்கே கிடைப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அந்தப் பொட்டலத்தை மூன்றாகப் பிரித்து ஊசி நேரத்துக்கு ஒரு பங்காகக் கொடுத்திருக்கிறாள். தான் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் "பிஸ்கட் இருக்குடி" என்றுதான் சொன்னாள்.

மும்பையில் சுகாதார அதிகாரி நிறுத்தினார். ஒரு நாள் முழுக்க நைரோபியில் இருந்திருக்கிறீர்களே, மஞ்சள் காய்ச்சல் அட்டை எங்கே என்று. நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு அந்த அதிகாரி ஒப்புக்கொண்டால் விலக்கு உண்டு. அப்பா பழைய போர்டிங் பாஸ், புது போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் வைத்திருந்தார், பாஸ்போர்ட்டில் கென்யா முத்திரை இல்லை என்பதையும் காட்டினார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு விட்டார்கள். சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் முந்தின நாளே வீணாகிவிட்டது, பஸ்ஸில் போனார்கள். வீட்டில் இறங்கியபோது அம்மாவின் கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

ஏஜெண்ட் முதலில், "ஃப்ளைட் லேட்டானதுக்கு நான் என்ன பண்றது" என்றார். அது நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். தாமதம் யாருக்கும் வரும், தாமதமானால் யார் பொறுப்பு என்பதை மறைத்து விற்றது அவர். அப்புறம் நான் பழைய டிக்கெட்டின் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரீஃபண்ட் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, ஏஜென்ஸி வழியாக எடுத்த டிக்கெட் என்பதால் ஏஜென்ஸி கணக்குக்கே போய்விட்டது என்றார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு ஏஜெண்ட் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பதினான்கு நாள் கெடு வைத்து எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை, ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கொடுத்திருக்கிறேன். அங்கே 20,000 ரேண்ட் வரைதான் கேட்க முடியும், வக்கீல் யாருக்காகவும் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். என் நஷ்டம் அதைவிட அதிகம், மிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் போட்டிருக்கிறேன். குரல் பதிவு, அவர் கொடுத்த தாள், பேங்க் ரசீது மூன்றையும் சேர்த்திருக்கிறேன். நீங்களும் ஏஜெண்டிடம் போனில் பேசுவதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் ஒரு தடவை கேட்டு வாங்கி வையுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு யாரிடமாவது டிக்கெட் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கு இரவே இதைச் செய்யுங்கள். கடை முத்திரை போட்ட தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, விமான நிறுவனம் தரும் இ-டிக்கெட்டையே கேளுங்கள். அதில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். கடைசி ஊர் வரைக்கும் எல்லா விமானமும் அந்த ஒரே டிக்கெட்டில் வருகிறதா என்று பாருங்கள். ஆறெழுத்து எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டு, சென்னையோ திருச்சியோ, இறங்கும் ஊர் வரை தெரிகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் இரண்டு டிக்கெட் விற்றிருக்கிறார்கள். அது அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ நின்றால், கிளம்ப இன்னும் நாள் இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள், கவுன்ட்டர் வரைக்கும் விடாதீர்கள். பெட்டி போடும்போது டேகில் இருக்கும் மூன்றெழுத்து ஊர்க் குறியீட்டைப் படியுங்கள், அது கடைசி ஊர்தானா என்று பாருங்கள். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் கஸ்டம்ஸுக்காகப் பெட்டியை ஒரு தடவை பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும், அது வேறு, அதைக் காட்டி யாராவது குழப்பினால் குழம்ப வேண்டாம். இதே ஆளிடம் எடுத்திருப்பீர்களோ என்று சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சொல்கிறேன்.