வங்கி பிடித்த வருமான வரியை மீட்க: பிரவுசிங் சென்டரா, ஆடிட்டரா, சங்கத்து சாரா?

பாலக்கோடு பக்கம் மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்று, 18 லட்சத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டார் பெரியப்பா. 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,26,000. அவருக்கு வேறு வருமானமில்லை. 2024-25இல் அதிலிருந்து 12,600 ரூபாயை டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே பிடிக்கும் வருமான வரி, என்று வங்கி பிடித்துவிட்டது. "வரி கட்டுற அளவுக்கு நான் என்னப்பா பெரிய ஆளு?" என்றார். நியாயமான கேள்வி. 60 வயது தாண்டியவருக்கு அந்த ஆண்டு 3 லட்சம் வரை வரியே கிடையாது.

பணம் அரசுக் கணக்குக்குப் போய்விட்டால் வங்கி திருப்பித் தராது, வரித் துறைக்கு ரிட்டன் (வருமானக் கணக்கு) போட்டுத்தான் வாங்க வேண்டும். யாரிடம் போவது?

பென்னாகரமோ அரூரோ ஊத்தங்கரையோ, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தால் பிரவுசிங் சென்டர் கண்ணில் படும். கட்டணம் குறைவு, அரை மணியில் வேலை முடியும். ஆனால் வருமான வரி இணையதளத்தில் கணக்குத் திறக்கும்போது கடைக்காரப் பையன் தன் செல் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவதுண்டு. அடுத்த வருஷம் ஓடிபி அவனுக்குப் போகும், அவனோ ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயிருப்பான். அதைவிட ஆபத்து, 'ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கொடுங்க' என்று பேரம் பேசும் ஆட்கள். கட்டாத காப்பீடு, கொடுக்காத நன்கொடை எல்லாம் எழுதித் தொகையைப் பெருக்குவார்கள். கமிஷன் அவர்களுக்கு, நோட்டீஸ் பான் கார்டுக்காரருக்கு.

ஆடிட்டரிடம் இந்தப் பயம் இல்லை. வீட்டுமனை விற்றது, கடை வாடகை, ஷேர் என்று இருந்தால் யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும். வட்டி மட்டும் வாங்கும் பெரியப்பாவுக்கு அது ஈ அடிக்க உலக்கை.

மூன்றாவது வழி, ஓய்வூதியர் சங்கத்தில் உட்காரும் ரிட்டயர்டு வங்கிக்காரர். அமெரிக்காவில் இதை ஏற்பாடாகவே நடத்துகிறார்கள். ஏஏஆர்பி என்ற மூத்தோர் அமைப்பின் டாக்ஸ்-எய்டு என்று 1968 முதல், பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறிய தன்னார்வலர்கள் வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு இலவசமாக ரிட்டன் போட்டுத் தருகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு சார், ஒரு பெஞ்சு. 2025 ஜூனில் பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ரிட்டன் இருக்கட்டும், 15எச் கொடுத்தீங்களா?"

வரி வராது என்று 60 தாண்டியவர் எழுதிக் கொடுக்கும் படிவம் அது. கணக்கிருக்கும் ஒவ்வொரு வங்கியிலும், ஒவ்வொரு ஆண்டும் தர வேண்டும். தந்துவிட்டால் பிடித்தமே இல்லை, மீட்கும் வேலையும் இல்லை. சாரிடம் வருமுன் ஒரு பிரவுசிங் சென்டருக்கும் போயிருந்தோம், அங்கே இதை யாரும் கேட்கவில்லை. ரிட்டனுக்குக் காசு வாங்குகிறவர், ரிட்டனே தேவைப்படாத வழியை ஏன் சொல்லப் போகிறார்? பான் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் சார் பார்த்தார். இல்லையென்றால் அந்தப் படிவமும் செல்லாது, பிடித்தமும் 20 சதவீதமாகிவிடும்.

சாரிடமும் குறை உண்டு. வட்டி 50,000 தாண்டினால் பிடிப்பார்கள் என்றார். அது பழைய கணக்கு. 2025 ஏப்ரலிலேயே மூத்த குடிமக்களுக்கு அது 1 லட்சம் ஆகிவிட்டது. பெரியப்பாவின் வட்டி அதையும் தாண்டியதால் தப்பு வெளியே தெரியவில்லை. கையெழுத்துப் பொறுப்பும் அவருடையதல்ல, நம்முடையது. அதனால் பென்ஷன், வட்டி வரைக்கும் சாரிடம் போவேன். மனை விற்ற விவகாரத்தை அந்தப் பெஞ்சில் வைக்க மாட்டேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து படிவ எண்களும் மாறியிருப்பதால், படிவ எண்ணைச் சொல்லிக் கேட்காமல், 'வட்டியில் பிடிக்க வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிற ஃபாரம்' என்று கவுன்ட்டரில் கேளுங்கள்.

75 வயதாகி, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வருகிறவர் அங்கேயே உறுதிமொழி கொடுத்தால், வங்கியே கணக்குப் பார்த்துவிடும். ரிட்டனே வேண்டாம்.

12,600 ரூபாய் பெரியப்பாவின் கணக்குக்கு வந்துவிட்டது. அந்த ஜூனிலேயே 15எச்சையும் கொடுத்து, நகலில் முத்திரை குத்தும்வரை கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. சார் காசு வாங்கவில்லை. மிச்சத் தோப்பிலிருந்து போன ஒரு கூடை செந்தூராவை மட்டும், சங்கத்தில் எல்லோருக்கும் பங்கு என்று சொல்லி வைத்துக்கொண்டார்.