நோக்கியா 1100: ஆறு வருடப் பழக்கம்

நோக்கியா 1100-ஐ ஆறு வருடம் விடாமல் பயன்படுத்தினேன். கேமரா கிடையாது, கலர் ஸ்கிரீன் கிடையாது, ப்ளூடூத் கிடையாது. 2003-ல் அது வந்தபோதே இதெல்லாம் உள்ள போன்கள் கடைக்கு வந்துவிட்டன. அப்படியும் உலகம் முழுக்கச் சுமார் 25 கோடி போன்கள் விற்றன. எனக்கு அது பிடித்துப்போன காரணம் ஒன்றுதான்: அதைப் பார்க்காமலே பயன்படுத்தலாம்.

கீபேட் முழுவதும் ஒரே ரப்பர் விரிப்பு. எண்களுக்கு நடுவே இடுக்கே இல்லாததால் தூசி உள்ளே போகாது. ஓரங்களில் வரி வரியாக மேடு இருக்கும், ஈரக் கையிலும் வழுக்காது. எடை 86 கிராம். இரண்டு மாதத்தில் விரலுக்கு எல்லாம் பழகிவிட்டது. நடுவில் உள்ள பெரிய பட்டனையும் அப்புறம் ஸ்டாரையும் அழுத்தினால் லாக் ஆகும். சட்டைப்பைக்குள் கையை விட்டே அதைச் செய்துவிடுவேன்.

ஆனால் விரலுக்கு உண்மையான வேலை வந்தது மெசேஜ் எழுதும்போதுதான். என் போனில் தமிழ் எழுத்து இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சொல்லை ஊகித்துத் தரும் டி9 வசதி இருந்தது, ஆனால் அதற்குத் தெரிந்தது ஆங்கிலச் சொற்கள்தான். அதனால் முதல் நாளே அணைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தல். 'ழ'வுக்கு வரும் இஸட் 9-ஆம் எண்ணில் நான்காவது எழுத்து. 'தமிழ்' என்று அடிக்க, ழகரத்தை விட்டுக்கொடுக்காமல் tamizh என்று எழுதினால், 12 அழுத்தல். பலரும் எல் போட்டு ஒன்பதில் முடித்துவிடுவார்கள். நான் பன்னிரண்டும் அழுத்துவேன். அது என் பிடிவாதம்.

இதைவிடச் சிரமம் இரட்டித்து வரும் மெய்கள். 'அம்மா' என்று எழுத 6-ஐ ஒருமுறை அழுத்தி, கர்சர் வரும்வரை காத்திருந்து, மறுபடி 6-ஐ அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் எம் (m) மறைந்து என் (n) வந்து நிற்கும். நம் மொழியில் அக்கா, பாட்டி, அப்பா, வணக்கம் என்று எங்கு பார்த்தாலும் இந்த இரட்டிப்புதான். காத்திருக்காமல் அம்புக்குறியைத் தட்டி நகரலாம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஒரு மெசேஜில் 160 எழுத்து. மெசேஜின் அளவு 140 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் என்பதால் வந்த கணக்கு இது. தமிழ் யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே ஐந்து இடம். தமிழ் எழுத்து வசதி உள்ள போன் வைத்திருந்த நண்பர்கள்கூட ஏன் ஆங்கில எழுத்திலேயே அனுப்பினார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

டார்ச்சைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும். இருட்டில் மெனு தேட வேண்டாம் என்பதுதான் அதன் அருமை. பாம்பு விளையாட்டையும் அளவில்லாமல் ஆடியிருக்கிறேன்.

பேட்டரி பிஎல்-5சி, 850 எம்ஏஹெச். நான் பேசும் அளவுக்கு நான்கைந்து நாள் வரும். 2007-ல் இந்த வகையில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்து மாற்றிக் கொடுக்க முன்வந்தது. பேட்டரியைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தேன். என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. பின்னாளில் நான் தொந்தரவுபட்டது, விலை குறைவு என்று வாங்கிய, பெயரே இல்லாத ஒரு பேட்டரியால். நான்கு மாதத்தில் உப்பி, பின்மூடி மூடவில்லை. பழைய போனை எடுத்து ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் பேட்டரி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஊரில் இந்த போனுக்கு வேண்டிய பழைய 2ஜி நெட்வொர்க் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் டார்ச்சும் கடிகாரமும் மட்டும்தான் மிஞ்சும்.

குறை என்றால் நினைவகம். 50 பெயர், 50 மெசேஜ், அவ்வளவுதான். இடம் நிரம்பினால் புதிய மெசேஜ் உள்ளே வராது. எதை அழிப்பது என்று ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அழிக்காமல் வைத்தவற்றில் ஏழு என் அம்மா அனுப்பியவை. இடைவெளி போடத் தெரியாமல் எல்லாச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும்: 'சாப்பிட்டியாகுடைஎடுத்துக்கோ.' அந்த இரண்டு 'ப்'புக்கும் அவரும் காத்திருந்துதான் அழுத்தியிருப்பார்.

அவற்றைக் கணினிக்கு மாற்ற வழியில்லை. இன்னொரு போனுக்கு பார்வர்டு செய்யலாம், ஆனால் அவர் அனுப்பிய தேதி போய்விடும். அதனால் ஏழையும் தேதியோடு, எழுத்து மாறாமல் நோட்டில் எழுதி வைத்தேன். போனையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். இன்னும் ஆன் ஆகிறது.