பழைய ஜாஸும் அண்ணனின் கேமனும்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கார் 2009ல் பதிவான ஹோண்டா ஜாஸ், 1.5 லிட்டர். அண்ணன் வைத்திருப்பது போர்ஷே 718 கேமன், டர்போ பொருத்திய 2 லிட்டர் எஞ்சின். வேலை விஷயமாக அவர் வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் கேமன் என் பொறுப்பு. அதனால் சில வருடங்களாகவே இரண்டையும் மாறி மாறி ஓட்டி வருகிறேன்.

“விரைவுச்சாலையிலேயே 90தான் உச்சம், இந்த ஊரில் 300 குதிரைத்திறன் எதற்கு?” என்று கேட்காதவர்கள் இல்லை. கேமனின் அருமை வேகத்தில் இருப்பதாக நினைத்துக் கேட்கிறார்கள். அதன் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. எடை நடுவில் கூடியிருப்பதால் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பினாலும் மொத்த வண்டியும் ஒன்றாகத் திரும்பும். பிஐஇ விரைவுச்சாலையிலிருந்து வளைந்து இறங்கும் கிளைச்சாலையில் 50ல் போனால்கூட அது கைக்குத் தெரியும். ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டில், 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்த அதே சாலையில், விடிகாலையில் குரங்குகளுக்கு வழிவிட்டு நிதானமாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகப் புரியும். அதே வளைவில் ஜாஸ் ஒரு பக்கம் சாயும், டயர் முனகும். ஓட்டும் சுகத்தில் கேமனுக்கு ஜாஸ் கிட்டவே வராது.

ஆனால் வீட்டுக்கு ஒரு கார்தான் என்றால் யோசிக்காமல் ஜாஸைத்தான் சொல்வேன். அதில் பெட்ரோல் டாங்க் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கி நிறுத்தினால், உயரமான செடித் தொட்டியைச் சாய்க்காமல் ஏற்றலாம். பொங்கலுக்குத் தேக்காவில் வாங்கும் கரும்புக் கட்டுக்கு முன் இருக்கையையும் சாய்த்துவிட்டால் போதும். கேமனுக்கு இரண்டே இருக்கைகள். முன்னால் 150 லிட்டர், பின்னால் 275 லிட்டர் என்று சாமான் வைக்க இடமென்னவோ உண்டு. ஆனால் முட்டிவலி உள்ள அம்மாவால் அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் முன்பக்கம் உரசிவிடுமோ என்ற பதற்றம் வேறு. நீளமான கதவை முழுதாகத் திறக்கப் பக்கத்தில் இடம் கிடைப்பதும் அரிது.

செலவில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கேமனின் 1,988 சிசிக்குச் சாலை வரி வருடத்துக்குச் சுமார் 1,198 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஜாஸின் 1,497 சிசிக்கு 682 வெள்ளிதான். ஆனால் பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஒவ்வொரு வருடமும் கூடுதல் வரி ஏறி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும். அதைச் சேர்த்தால் ஜாஸுக்கும் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயம். இருந்தாலும் டயர், பிரேக், காப்புறுதி எல்லாவற்றிலும் ஜாஸ் அதை மீட்டுவிடும். கேமனில் முன் டயர் 235, பின் டயர் 265. அளவு வேறு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க வழியில்லை.

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் சிஓஇயை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த காரை அந்தக் காலம் முடிந்ததும் கழித்துவிட வேண்டியதுதான். எங்கள் ஜாஸுக்குப் பத்து வருடம் எடுத்தோம், 2029 வரை ஓடும். எஞ்சின் நன்றாக இருந்தால் மறுபடியும் புதுப்பிப்பதாக இருக்கிறோம்.