450 ரூபா கிச்சன் தராசு: நல்லாத்தான் இருக்கு, அந்த எம்எல் பட்டன் பக்கம் மட்டும் போகாதீங்க

ஆன்லைன்ல வாங்கினது, 5 கிலோ வரைக்கும் தாங்கும், ஒவ்வொரு கிராமா காட்டும். மூணு மாசமா யூஸ் பண்றேன்.

வாங்கினதுக்கு காரணம் ஒரு கேக். ரெசிபில மைதா 240 கிராம்னு இருந்துச்சு, என்கிட்ட கப்பு செட்டுதான், நெட்ல தேடினா ஒரு கப் மைதா 120 கிராம்ங்கிறான் ஒருத்தன், 150ங்கிறான் இன்னொருத்தன். ரெண்டுமே சரிதான்னு இப்பதான் தெரியுது, ஸ்பூனால அள்ளி கப்புல தூவி மேல வழிச்சு விட்டா 120 கிட்ட வரும், டப்பாக்குள்ள கப்ப விட்டு அப்படியே அமுக்கி அள்ளினா 150 கிட்ட போயிடும். நான் அமுக்கி அள்ற ஆளு. 2 கப்புக்கே 60 கிராம் எக்ஸ்ட்ரா, எங்க வீட்டுக்காரர் அந்த கேக்க டீல முக்கித்தான் தின்னாரு.

தராசு வந்ததும் மொத வேலையா கப்பத்தான் செக் பண்ணேன். 1 மில்லி 1 கிராம்ங்கிற கணக்கு தண்ணிக்கு சரியா வரும்ல, 250 மில்லின்னு அச்சடிச்ச கப்புல தளும்ப தளும்ப ஊத்தியும் 228 தான் காட்டுச்சு. சரி தராசுதான் போங்கோன்னு பத்து 10 ரூபா காயின் வெச்சு பாத்தேன், ஒரு காயின் 7.71 கிராம், கரெக்டா 77 காட்டுச்சு. அப்ப கப்புதான் திருடன். (ரைஸ் குக்கர் கூட வர்ற கப்ப வெச்சு கேக் அளக்குறவங்க உஷார், அது பெரும்பாலும் 180 மில்லிதான்.)

இப்ப அந்த எம்எல் பட்டன். அது எத வெச்சாலும் தண்ணின்னு நெனச்சுக்கும். எண்ணெய் பாக்கெட்ட எடுத்து பாருங்க, 1 லிட்டர்னு போட்டு பக்கத்துலயே 910 கிராம்னு இருக்கும், அதனால இதுல 200 மில்லி காட்டுற வரைக்கும் எண்ணெய் ஊத்தினா நெசமா உள்ள போறது 220 கிட்ட. தேன் அப்படியே உல்டா, 240 மில்லி கப்பு தேனே 340 கிராம் கனக்கும், இத நம்பினா முக்காலுக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் விழும். கிராம்லயே வெச்சுக்கோங்க.

ஈஸ்ட் மாதிரி 2, 3 கிராம் சமாச்சாரத்த கொஞ்ச கொஞ்சமா தூவினா இதுக்கு சொரணையே இல்ல, தனி கிண்ணத்துல எடுத்து ஒரே தடவையா வெக்கணும். ரெண்டு நிமிஷம் கை வெக்கலன்னா ஆஃப் ஆயிடுது, டேர் பண்ணி (கிண்ணத்தோட எடைய கழிச்சு சீரோ ஆக்கி) வெச்சதெல்லாம் போச்சு, மாவு பெசஞ்ச கையோட திரும்ப ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட், 4 குடுக்கறேன்.

இட்லிக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்க அத்தை ஆழாக்க விடவே மாட்டேங்கிறாங்க, 4க்கு 1 உளுந்துன்னா எந்த பாத்திரத்துல அளந்தா என்ன, அதுவும் நியாயந்தான். ஆனா போன வாரம் மளிகைல வாங்கின அரை கிலோ புளிய அவங்களே சத்தமில்லாம இதுல தூக்கி வெச்சு பாத்திருக்காங்க. கவரோட சேத்து 486.