நோமிக்: விதிக்கட்டு நல்லது, 206-ஆம் விதி மட்டும் உதைக்கிறது

பீட்டர் சூபர் உருவாக்கிய நோமிக், 1982-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்த ஆட்டம். ஒரு பகடை, பேனா, தாள், விதிகளின் அச்சுப்படி போதும். விதியை மாற்றுவதுதான் ஆட்டமே: ஒவ்வொருவரும் தம் முறையில் ஒரு விதிமாற்றத்தை முன்மொழிந்து, வாக்கெடுப்பு முடிந்ததும் பகடை உருட்டுவார். 101 முதல் 116 வரை மாற்ற முடியாத விதிகள். 201 முதல் 213 வரை மாற்றக்கூடியவை. முதல் வகையின் பூட்டைக் கழற்றி இரண்டாம் வகைக்குக் கொண்டுவரும் ‘நிலைமாற்றம்’தான் இதில் ருசியான பகுதி. புதிதாக ஆடுபவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு முறைக்குப் பகடையில் சராசரியாக 3.5 புள்ளி, ஜெயிக்க 100 வேண்டும். முன்மொழிவு தோற்றால் 206-ஆம் விதி 10 புள்ளியைப் பிடுங்கிவிடும், கிட்டத்தட்ட மூன்று முறை உருட்டிச் சேர்த்தது. நிலைமாற்றத்துக்கோ எப்போதும் ஒருமனதான வாக்கு வேண்டும். எதிரே இருப்பவர் ‘வேண்டாம்’ என்றால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, உங்களுக்குப் பத்து காலி. யார் துணிவார்?

இதைச் சரிசெய்ய ‘நிலைமாற்றத்துக்குத் தண்டனை இல்லை’ என்று தனி விதி கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது. முன்மொழிவுகளின் எண் 301-இல் தொடங்கும், ஆக நாலு பேர் ஆட்டத்தில் மூன்றாம் சுற்றின் முதல் முன்மொழிவு 309. அது 206-உடன் மோதினால், 211-இன்படி சின்ன எண்தான் செல்லும். 206-ஐயே திருத்துங்கள், இல்லையென்றால் ‘இவ்விதி 206-ஐ மீறிச் செல்லும்’ என்று புது விதிக்குள்ளேயே எழுதுங்கள், 211 அதை ஏற்கும்.

இதை முதல் இரண்டு சுற்றில் கொண்டுவராதீர்கள். அப்போது எல்லாவற்றுக்குமே ஒருமனது தேவை. ஒருமனது கேட்கும் 203-ஐ யாரும் தொடாவிட்டால் அதன் பிறகு பெரும்பான்மை போதும். அப்போதும் ஒரு கண்ணி உண்டு: ஜெயித்த முன்மொழிவை எதிர்த்தவர்களுக்கு 204-ஆம் விதி தலைக்கு 10 புள்ளி தருகிறது. ‘எப்படியும் ஜெயித்துவிடும்’ என்று ஆளாளுக்கு எதிர்த்து வாக்களித்தால் உங்கள் திருத்தம் கவிழும்.

நிலைமாற்றத்துக்குப் பரிசுப்புள்ளி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே விதியைப் பூட்டித் திறந்து, திறந்து பூட்டிப் புள்ளி கறப்பார்கள்.

முதலில் கைவைக்க ஏற்றது 112. வெற்றியைப் புள்ளிக்கணக்கிலிருந்து வேறொன்றுக்கு மாற்றக் கூடாது என்று தடுப்பது அதுதான். ஒரு முறையில் பூட்டு கழலும், அடுத்தவர் முறையில் திருத்தலாம். ஆனால் நேரில் ஆடும்போது, வரப்போகும் விதிமாற்றம் பற்றிக் கூடிப்பேச 210 விடாது. பூட்டு கழன்றதும் அடுத்தவர் என்ன எழுதுவார் என்பது அவர் வாயைத் திறக்கும்வரை தெரியாது.