குறுக்கே கீறிய மூன்று அலைகள்

கோபன்ஹேகனில் ஒரு பழம்பொருள் கடையில் 200 குரோனுக்கு ஒரு காபிக் கோப்பையும் அதன் தட்டும் வாங்கினேன். ராயல் கோபன்ஹேகன் பீங்கான். வெள்ளையில் நீலப் பூ. டேனிஷ்காரர்கள் இந்த வகையை 'முசெல்மாலெட்' என்கிறார்கள். கோப்பையைச் சுற்றி மெல்லிய வரிகள் ஓடும், சிப்பி ஓட்டில் இருப்பதுபோல. பெயரும் அந்தச் சிப்பியிலிருந்து வந்ததுதான். ஆறு மாதமாகக் காலைக் காபி இதில்தான் என்பதால், இனி கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். "முதல் தரம்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கையால் வரைந்த மூன்று நீல அலைக்கோடுகள். அவற்றின் குறுக்கே ஒரு கீறல். பழசு, தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய சாமான்களுக்கு ஆலையிலேயே அலைகளின் குறுக்கே இப்படிக் கீறிவிடுவார்களாம். குறை எங்கே என்று தேடினேன். விளிம்பில் பாதிக் கடுகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி. திரும்பப் போய்க் கேட்டதற்கு "அப்படியா?" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கீறல் இல்லாவிட்டால் அலைகள் என்னவென்று நான் படித்திருக்கவே மாட்டேன்.

ஆலை தொடங்கியது 1775-இல். தொடங்கியவர் ஃபிரான்ஸ் ஹைன்ரிக் முல்லர், மருந்தும் வேதியியலும் தெரிந்தவர். நானும் மருந்துக்கடைக்காரன்தான், மாவு அரைத்து, கலந்து, சூடு பார்ப்பது எங்கள் ஜாதி வேலை என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் அவருக்குப் பின்னால் நின்றது யூலியானெ மரியா, டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் மாற்றாந்தாய். சாதாரண அம்மாள் இல்லை. மன்னருக்கு மனநலம் சரியில்லை. அரண்மனை மருத்துவர் ஸ்ட்ரூயன்ஸே ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார், மன்னரின் மனைவியோடு உறவும் இருந்தது. 1772 ஜனவரியில் ஒரு முகமூடி நடன இரவு முடிந்த கையோடு அவரைக் கைது செய்தார்கள். ஏப்ரலில் தலையை வெட்டினார்கள். அந்தக் கவிழ்ப்பில் இந்த அம்மாளின் கை உண்டு. மூன்றே வருடத்தில் அதே கை பீங்கானைத் தாங்கிப் பிடித்தது.

முத்திரை அலைகளாக இருக்க வேண்டும் என்றவரும் அவர்தான். ஒவ்வோர் அலையும் ஒரு நீரிணை: ஓரசுண்ட், பெரிய பெல்ட், சிறிய பெல்ட். நாட்டின் அடையாளம், அழகான யோசனை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஓரசுண்டைக் கடக்கும் கப்பல்கள் 1857 வரை டென்மார்க் மன்னருக்குச் சுங்கம் கட்டின. ஆக, அந்த அலைகளில் ஒன்று அரண்மனையின் கல்லாப்பெட்டி. கோப்பையின் அடியில் ராணி வரையச் சொன்னது வீட்டு வருமானத்தை!

இந்த ஆலையின் பெரிய அரச வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ரோசன்போர்க் கோட்டைக்குப் போக வேண்டும். 'ஃப்ளோரா டானிகா' விருந்துப் பாத்திரங்கள் அங்கே இருக்கின்றன. 1790-இல் தொடங்கிய வேலை. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குப் பரிசாகப் போக வேண்டியது என்றே சொல்லப்படுகிறது. 1796-இல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வேலை மட்டும் 1802 வரை நடந்தது. டென்மார்க்கில் வளரும் செடிகளைத் தாவரவியல் நூலிலிருந்து அப்படியே தட்டில் இறக்கியவர் யோஹான் கிறிஸ்டோஃப் பாயர். அநேகமாக எல்லாமே அவர் ஒருவர் கைதான். தட்டில் இடம் போதாத செடியை விளிம்போடு வளைத்துவிட்டிருக்கிறார், வேரையும் விடவில்லை. சூப் குடிக்கிற பாத்திரத்தில் காளான் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. 1863-இல் டேனிஷ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரை மணந்தபோது இன்னொரு தொகுதி செய்து சீதனமாகக் கொடுத்தார்கள். அலெக்ஸாண்ட்ராவின் தங்கை ரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டார், தம்பி கிரேக்க மன்னரானார். டென்மார்க் மன்னரான அப்பா ஒன்பதாம் கிறிஸ்டியனுக்கு 'ஐரோப்பாவின் மாமனார்' என்றே பெயர். பாத்திரம் வாங்கிய செலவு வீண் போகவில்லை.

அந்த மாமனார் காலத்திலேயே, 1868-இல், ஆலை தனியார் கைக்குப் போய்விட்டது. பெயரிலும் முத்திரையிலும் மட்டும் கிரீடம் தங்கியது.

சரி, கோப்பைக்கு வருகிறேன். நீலம் கோபால்ட், பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அதனால் எத்தனை கழுவினாலும் பூ மங்காது. ஆறு மாதத்தில் ஒரு கோடுகூட வெளுக்கவில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு 1,197 தூரிகைத் தீற்றல்கள் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்க்கும் பொறுமை எனக்கில்லை. ஆனால் என் தட்டில் ஒரு இதழ் மற்றதைவிடத் தடித்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. விளிம்பு மெல்லியது, வாயில் உறுத்தாது. பிடிதான் தொல்லை. என் விரல் ஒன்றுக்கு மேல் நுழையாது, முழுக்க ஊற்றினால் கை நடுங்குகிறது. காபியும் சீக்கிரம் ஆறிவிடும். நிதானமாகக் குடிப்பவர்களுக்கு இது லாயக்கில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. எளிய வரி வகை, விளிம்பில் பின்னல் போன்ற வேலை உள்ள அரை லேஸ், முழு லேஸ் என்று போகப் போக வேலைப்பாடும் விலையும் கூடும். தினசரிக்கு முதல் வகையே போதும்; அடியில் '1/' என்று தொடங்கும் எண் மூன்று வகைக்கும் உண்டு. புதிது வேண்டுமென்றால் ஆமகெர்டோர்வ் சதுக்கத்தில் 1616-இல் கட்டிய வீட்டில் அவர்களுடைய கடை இருக்கிறது. வாங்காவிட்டாலும் ஒருமுறை நுழைந்து வரலாம். இப்போது பெரும்பாலும் தாய்லாந்தில்தான் செய்கிறார்கள். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன், அங்கேயும் கையால்தான் வரைகிறார்கள். ஆனாலும் பழசில் ஒரு விளையாட்டு உண்டு. 1935 முதல் முத்திரை எழுத்துகளில் ஒன்றின் மேலோ கீழோ சின்னக் கோடு இருக்கும். அது எந்த எழுத்து என்பதை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். என்னுடையது 1970-களில் செய்தது.

கரும்புள்ளியைக் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் வருகிறவர்களிடம் தட்டைக் கவிழ்த்து அலையையும் கீறலையும் காட்டாமல் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. ஜோடியாக இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை விலை கேட்பதற்கு முன்னால் கவிழ்த்துப் பார்ப்பேன்.