பலாக்காய் மாவு: சோற்றைக் குறைத்தால்தான் காசுக்குப் பலன்

சர்க்கரை நோயாளிகளுக்கென்று கடைகளில் அடுக்கப்படும் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றை யோசிக்காமல் தாண்டிப் போகலாம். பலாக்காய் மாவை அப்படித் தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் ஓரளவு சோதனை இருக்கிறது, தோசைக்கும் சப்பாத்திக்கும் ஒத்துப்போகிறது, நாக்கும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பலனும் கிடைக்காது. வழக்கமான நான்கு தோசையையும் சாப்பிட்டுவிட்டு, மாவில் ஒரு கரண்டி பலாக்காய்த் தூளும் கலந்துகொண்டால் சாப்பாட்டில் மாவுச்சத்து கூடத்தான் செய்யும். அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டிய பொருள் இது.

முதலில் எது பலாக்காய் மாவு என்று பார்த்துவிடலாம். முற்றிய, ஆனால் பழுக்காத பலாவின் சுளையைக் கொட்டை நீக்கி, உலர்த்தி அரைத்தது இது. பழுத்த சுளையைத் தூளாக்கியதும் கடையில் கிடைக்கும். அது ஐஸ்கிரீமுக்கும் மில்க்ஷேக்குக்குமான சரக்கு. காய் பழுக்கும்போது சுளையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. 100 கிராம் பழுத்த பலாச்சுளையில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரை, நார்ச்சத்தோ ஒன்றரை கிராம்தான். அதை உலர்த்தினால் சர்க்கரை இன்னும் அடர்த்தியாகும். பலாக்கொட்டை மாவு மூன்றாவது வகை. அது கெட்ட பொருளல்ல, ஆனால் சர்க்கரை நோய்க்கான சோதனை நடந்தது அதை வைத்து அல்ல.

அந்தச் சோதனையைப் பற்றிப் பொட்டலத்தின் மேல் பெரிதாக எழுதுவார்கள், விவரம் சொல்ல மாட்டார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 40 பேரிடம் 12 வாரங்கள் நடந்தது. 2021இல் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு குழுவுக்குத் தினம் 30 கிராம் ‘ஜாக்ஃப்ரூட்365’ என்ற வணிகப் பெயரில் வரும் பலாக்காய் மாவு, அதே அளவு அரிசி அல்லது கோதுமை மாவைக் குறைத்துக்கொண்டு. மறு குழுவுக்கு வேறு மாவு. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, பலா சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 0.25 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட நகரவே இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? 8.0 இருந்தவருக்கு 7.75 ஆகும். மெட்ஃபார்மின் மாத்திரை பொதுவாக ஒரு புள்ளியை ஒட்டிக் குறைக்கும். அதாவது மாத்திரையின் வேலையில் கால்பங்கு. சாப்பாட்டுப் பொருள் ஒன்றுக்கு இது மோசமில்லை. மாத்திரையை நிறுத்திவிட இது போதவே போதாது. 40 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். ‘சர்க்கரையை வேரோடு ஒழிக்கும்’ என்று அச்சடித்திருக்கும் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. அப்படி எழுதத் துணிந்தவர் உள்ளே என்ன போட்டிருப்பார் என்பதையும் சந்தேகிக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. சேர்மானப் பட்டியலில் ஒரே ஒரு பொருள் இருக்க வேண்டும்: முற்றிய பலாக்காய். அரிசி மாவு, மைதா, மரவள்ளி மாவு என்று இரண்டாவது பெயர் இருந்தால் வேண்டாம். ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை அளவைப் பாருங்கள்; பத்து, இருபது கிராம் என்று ஏறியிருந்தால் பழுக்கத் தொடங்கிய சுளையைச் சேர்த்திருக்கிறார்கள். 14 இலக்க உணவு உரிம எண்ணும் அரைத்த தேதியும் இல்லாத பொட்டலம் எவ்வளவு ‘வீட்டுத் தயாரிப்பு’ என்றாலும் தவிர்க்கவும். நல்ல மாவு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக, விரலிடுக்கில் பொலபொலவென்று இருக்கும். பழுப்பேறியிருந்தால், அறுத்த சுளையை வெந்நீரில் முக்காமல் காற்றில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். புளித்த வாடை வந்தால் வெயில் போதாமல் மெதுவாகக் காய்ந்த சரக்கு. கட்டி பிடித்திருந்தால் ஈரம் ஏறிவிட்டது. பூஞ்சை வருவதற்கு அதிக நாள் ஆகாது.

செலவைத் தினக்கணக்கில் போடுங்கள். தினம் 30 கிராம் என்றால் 200 கிராம் பொட்டலம் ஒருவருக்கு ஒரு வாரம்கூட வராது. மாதத்துக்கு 900 கிராம். கணவன் மனைவி இருவருக்கும் என்றால் 1,800. இட்லி அரிசியின் விலையோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. மாதம் ஒரு பொட்டலம் வாங்கி ‘நாங்களும் பலா மாவு சாப்பிடுகிறோம்’ என்று சொல்லிக்கொள்வதற்குப் பதில், அந்தக் காசில் கீரையும் அவரைக்காயும் வாங்கலாம்.

சமையலில் இதன் குணம் தண்ணீர் குடிப்பது. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 10 கிராம்; கீழே கரண்டி என்பதெல்லாம் அதுதான். தோசைக்கு, ஆளுக்கு மூன்று தோசை மாவு எடுக்கும் இடத்தில் இரண்டுக்கான மாவை மட்டும் எடுங்கள். பலா மாவு ஒரு கரண்டியைத் தனியாக மூன்று கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கலக்கவும். உலர்ந்த மாவை நேரடியாகக் கொட்டினால் சிறு சிறு கட்டிகள் கிளம்பும்; கல்லில் அந்த இடம் மட்டும் வேகாது. ஊற விடாமல் ஊற்றினால் தோசை கல்லிலேயே இறுகி, ஓரம் வெடிக்கும். முதல் நாள் இரவே மொத்த மாவிலும் கலந்து வைக்க வேண்டாம். காலையில் மாவு கெட்டிப்பட்டு, நிறமும் மங்கியிருக்கும். ஊற்றுவதற்குச் சற்று முன் கலப்பதே சரி.

இட்லிக்கு அளவு இதைவிடக் குறைவாக இருக்கட்டும். மூன்று இட்லிக்கான மாவுக்கு அரைக் கரண்டி. அதற்கு மேல் போனால் இட்லி தட்டையாகி, உள்ளே பிசுபிசுக்கும். மல்லிப்பூ இட்லி வேண்டுமென்கிற வீட்டில் இட்லியைத் தொடாமல் விட்டுவிடுவதே குடும்ப அமைதிக்கு நல்லது.

சப்பாத்திதான் இதற்கு மிகப் பொருத்தம். கோதுமை மாவு 100 கிராமுக்குப் பலா மாவு 20 கிராம், கை பொறுக்கும் வெந்நீர், இருபது நிமிட ஊறல். பலாவில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. அதனால் கால்பங்குக்கு மேல் சேர்த்தால் தேய்க்கும்போதே ஓரம் பிளக்கும், சுட்ட பின் அப்பளம்போல் விறைக்கும். அடை, கேழ்வரகு ரொட்டி, புட்டு மாவு இவற்றில் வாசனைகூடத் தெரியாது. கஞ்சி வேண்டுமென்றால் 10 கிராமை 200 மில்லி குளிர்ந்த நீரில் முதலில் கரைத்து, பிறகு அடுப்பேற்றிக் கிளறவும். சாம்பாரைக் கெட்டியாக்கப் போடலாமா என்றால், போடலாம். ஆனால் அதனால் சோறு குறையவில்லை என்றால் கணக்கு உதைக்கும். வெல்லம் போட்டுப் பாயசம் வைப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

தொடங்கும் முதல் வாரம் தினம் ஒரு கரண்டி போதும். ஒரேயடியாக மூன்று கரண்டிக்குப் போனால் வயிறு உப்பும், வாயு பிரியும். தண்ணீரும் சேர்த்துக் குடிக்க வேண்டும்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதல் வரிசை. பலாவில் பொட்டாசியம் அதிகம். வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 360 மில்லிகிராம் என்றால் பலாச்சுளையில் 450ஐ ஒட்டி வரும். உலர்த்திய மாவில் தண்ணீர் போய் அது இன்னும் செறிந்துவிடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. இன்சுலின் போடுபவர்கள், இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரலாம். மருந்தின் அளவைப் பற்றி முன்பே பேசிவிட வேண்டும். ரப்பர் கையுறை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பலாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மாவே வேண்டாம், காயே கிடைக்கிறது என்றால் அதுதான் முதல் தேர்வு. இலங்கையில் பலாமரத்தைச் சோற்று மரம் என்றே சொல்வார்கள். அவித்த பலாக்காயும் தேங்காய்ப்பூவும் அங்கே ஒரு வேளைச் சாப்பாடு. கேரளத்தின் சக்கப்புழுக்கும் அதே வகை. பண்ருட்டிப் பக்கத்துக் காய் கோடையில் தாராளமாக வரும். பலாமூசு எனப்படும் பிஞ்சு பொரியலுக்கு. சோற்றுக்குப் பதிலாக வைக்க, சுளை முற்றியும் இனிப்பு ஏறாத காய் வேண்டும். தட்டினால் மந்தமாக ஒலித்து, வாசனை கிளம்பியிருந்தால் அது பழுக்கத் தொடங்கிவிட்டது.

வீட்டில் மாவாக்க நினைப்பவர்கள் கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, சுளையை மெல்லிய கீற்றாக அரிந்து, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். ஒடித்தால் ‘சடக்’கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஒரு கிலோ சுளைக்கு 200 கிராம் அளவில்தான் மாவு தேறும். அரைத்த சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைக்கவும், சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் மாவைக் கெடுத்துவிடும். ஈரக் கரண்டி படாமல், வண்டு வராமல் இருக்க, பிரித்த பொட்டலத்தையும் குளிர்பெட்டியிலேயே வைக்கலாம்.